பொடவு வழியாக எட்டயபுரம்

படித்த படிப்பு சோறு போடுகிறதோ இல்லையோ, படித்து முடித்த முதல் சில வருடங்களுக்கு வாயைச் சும்மா இருக்க விடாது. எனக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. நான் படித்தது ஜியாலஜி. தமிழில் நிலவியல். என் மாமனார் அதை இன்னும் சுருக்கி, "எம் மருமக கல்லுக்குப் படிச்சிருக்கா" என்பார். கேட்பவர்கள் நான் கொத்தனார் வேலைக்குப் போகிறவள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, கையைப் பார்ப்பார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. நான் தூத்துக்குடிக்காரி. வாக்கப்பட்டது கடம்பூருக்கும் எட்டயபுரத்துக்கும் நடுவே கிடக்கிற ஒரு கரிசல்காட்டுக் கிராமத்தில். வீட்டுக்காரருக்குக் கோவில்பட்டியில் மில் வேலை. மாமனாருக்குப் பருத்தியும் உளுந்தும். ஊருக்குக் கிழக்கே ஒரு மலை உண்டு. மலை என்பது பெயருக்குத்தான். பெரிய பெரிய உருண்டைப் பாறைகளை யாரோ லாரியில் கொண்டுவந்து கொட்டிவிட்டு மறந்துபோனது மாதிரி இருக்கும். அதன் அடிவாரத்தில் குலதெய்வம். குலதெய்வத்துக்குப் பின்னால் ஒரு பொடவு. எங்கள் பக்கம் குகையைப் பொடவு என்றுதான் சொல்வோம்.

கல்யாணமாகி வந்த முதல் சித்திரைப் பொங்கலுக்குக் குடும்பமே அங்கே கூடியது. பானை பொங்கி, குலவை போட்டு, எல்லோரும் புளியமரத்து நிழலில் உட்கார்ந்திருந்தபோது, மாமனார் எனக்குப் பொடவைக் காட்டினார்.

"தாயி, இது லேசுப்பட்ட பொடவு இல்ல. இதுக்குள்ள நொழைஞ்சா எட்டயபுரம் அரண்மனையில போயி ஏறலாம். அந்தக் காலத்துச் சொரங்கம்."

நான் சிரித்தேன். அங்கேயே ஆரம்பித்துவிட்டது சனியன்.

"சிரிக்காத தாயி. எங்க தாத்தா காலத்துல ஒரு கெடாவுக்குக் கழுத்துல மணியக் கட்டி உள்ள விட்டாவ. மறுநாளு அது அரண்மனை வாசல்ல நின்னு கத்துச்சு."

"அது காட்டு வழியா நடந்தே போயிருக்கும் மாமா."

சுற்றியிருந்த சொந்தக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். புது மருமகள் மாமனாரை எதிர்த்துப் பேசுவது பொங்கல் பிரசாதத்தைவிடச் சுவையான விஷயம். வீட்டுக்காரர் எனக்குக் கண்ணைக் காட்டினார். (விடு, பொங்கலைத் தின்னு என்று அர்த்தம்.) நான் விடவில்லை. எழுந்து நின்றேன். உண்மையாகவே எழுந்து நின்று, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பாடம் நடத்தினேன்.

"சொரங்கம் மாதிரி மைல் கணக்குல போற குகைன்னா அது சுண்ணாம்புக் கல்லுல இருக்கணும் மாமா. மழைத்தண்ணி மண்ணுக்குள்ள இறங்கும்போது கரியமில வாயுவக் கரைச்சிக்கிட்டுப் போகும். லேசாப் புளிச்சிரும். அந்தத் தண்ணி சுண்ணாம்புக் கல்லக் கொஞ்சம் கொஞ்சமாக் கரைக்கும். முதல்ல கீறல், அப்புறம் குழாய், அப்புறம் மண்டபம்."

"சோடாத் தண்ணி மாதிரின்னு சொல்லு" என்றார் மாமா.

"அதேதான்."

"சோடாவுல கல்லு கரையுமா?"

"லட்சக்கணக்கான வருஷம் ஊத்துனா கரையும்."

"அம்புட்டு வருஷம் யாரு தாயி ஊத்துதா?"

கூட்டம் சிரித்தது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எங்கள் மலையோ சுண்ணாம்பு அல்ல. கருங்கல் வகை, சோடாவுக்கெல்லாம் அசையாது. இந்தப் பாறை பூமிக்கு ஆழத்தில் இறுகிக் கிடந்தது. மேலே கிடந்த மண்ணும் கல்லும் காலப்போக்கில் அரித்துப் போனதும், அழுத்தம் குறைந்து பாளம் பாளமாக வெடித்தது. வெடிப்பில் மழைநீர் இறங்கி, கல்லின் இளகிய பகுதியைக் களிமண்ணாக்கி அரித்துக்கொண்டு போனது. மிஞ்சியவை உருண்டைப் பாறைகள், அவற்றுக்கு நடுவே பொந்துகள். இதையெல்லாம் சொல்லி முடித்து, கடைசியில் ஒரு வாக்கியம் சேர்த்தேன்.

"இருவது அடி போனா முட்டிக்கிட்டு நிக்கும். வேணும்னா நானே உள்ள போயிக் காட்டுதேன்."

போகாதே என்று மாமியார் சொன்னார். கொழுந்தன் குமரேசன் போய் மாமாவின் மூன்று பேட்டரிக் கட்டை டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்தான். மாமா அந்தக் கெடாவுக்குப் பிறகு வேறு யாரும் உள்ளே போனதில்லை என்பதை மட்டும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி நினைவுபடுத்தினார்.

வாசலில் குனிந்து நுழைந்தேன். வீட்டுக்காரர் பின்னாலேயே வருகிறேன் என்றார். நான் வேண்டாம் என்றேன். (புருஷனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனால் அது என்ன ஆராய்ச்சி?)

முதல் பத்தடியில் வெளிச்சம் இருந்தது. கூரையில் மண்ணும் எச்சிலும் குழைத்து ஒட்டிய குருவிக்கூடுகள். பாறை நிறத்திலேயே பல்லிகள். ஒரு பாம்புச் சட்டை. சட்டையைக் கழற்றிப் போட்டவர் வீட்டில் இல்லை என்று நம்பிக்கொண்டு தாண்டினேன். குகை உயிர்களைப் பற்றி எங்கள் பேராசிரியர் ஒரு நாள் முழுக்கப் பேசியிருந்தார். வாசலில் இருப்பவை விருந்தாளிகள், நடுவில் இருப்பவை வெளியே போய்ப் பிழைத்து உள்ளே தூங்குபவை, ஆழத்தில் இருப்பவை வெளியே வரவே வராதவை. வரிசைப்படி பார்த்துக்கொண்டே போனேன். உடம்பைவிட மீசை நீளமான வெளிறிய பாச்சைகள் வந்தன. தட்டையான ஒரு சிலந்தி வந்தது. முன்னங்கால் இரண்டையும் சாட்டைக்கயிறு போல நீட்டி, டார்ச் வெளிச்சத்தைத் தடவிப் பார்த்தது. கடிக்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன, சேலையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் தாண்டினேன்.

அப்புறம் வவ்வால்கள். பெருவிரல் அளவுதான். கூரை முழுக்கக் கத்தரிக்காய் காய்த்தது போலத் தொங்கின. கீழே அவற்றின் எச்சம், கணுக்கால் புதைகிற அளவு. அந்த எச்சத்துக்குள் வண்டு, புழு, பாச்சைக் குஞ்சு என்று ஒரு ஊரே நெளிந்தது. சூரியன் வராத இடத்தில் புல் பூண்டு கிடையாது. சாப்பாடு வெளியிலிருந்துதான் வந்தாக வேண்டும். வவ்வால் ராத்திரி முழுக்கக் காட்டில் பூச்சி தின்றுவிட்டு வந்து இங்கே போடுவதை வைத்துத்தான் அத்தனை பேரும் குடித்தனம் நடத்துகிறார்கள். பேராசிரியர் இதைச் சொன்னபோது எவ்வளவு அழகான ஏற்பாடு என்று தோன்றியது. அவர் வாசனையைப் பற்றிச் சொல்லவில்லை. மூக்கில் ஊசி குத்துகிற மாதிரி ஒரு நெடி.

இருபது அடி எப்போதோ தாண்டிவிட்டது. பொடவு முட்டிக்கொண்டு நிற்கவில்லை. இடது பக்கம் திரும்பி, சரிவாகக் கீழே போனது. சரி, நாற்பது அடி என்று மனதுக்குள் திருத்திக்கொண்டேன். திருப்பத்தில் தரையில் ஒரு முள் கிடந்தது. கறுப்பு வெள்ளைப் பட்டையோடு, பேனா நீளத்தில். முள்ளம்பன்றி முள்! ஆதாரம் என்று கையில் எடுத்துக்கொண்டேன். முள் இங்கே கிடந்தால் அதன் சொந்தக்காரர் எங்கே இருப்பார் என்று யோசிப்பதற்கு ஜியாலஜி தேவையில்லை. நான் யோசிக்கவில்லை. டார்ச்சைப் பக்கத்துப் பொந்துக்குள் அடித்துப் பார்த்தேன்.

உள்ளே யாரோ சலங்கை கட்டிக்கொண்டு உதறியது போலச் சத்தம் வந்தது. முள்ளெல்லாம் சிலிர்த்து, ஒரு பெரிய உருவம் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பியது. முள்ளம்பன்றி முதுகைக் காட்டினால் பயந்து ஓடுகிறது என்று அர்த்தமில்லை, பின்பக்கமாகவே பாயப்போகிறது என்று அர்த்தம். இதுவும் எனக்குத் தெரியும். பின்னால் ஓர் அடி வைத்தேன். எச்சத்தில் கால் வழுக்கியது. உட்கார்ந்த வாக்கில் சரிவு முழுக்கப் போய், கீழே ஒரு பள்ளத்தில் விழுந்தேன். ஒரு செருப்பு மேலேயே நின்றுவிட்டது. டார்ச் எங்கோ மோதி அணைந்தது.

அப்படி ஒரு இருட்டை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பார்த்தேன் என்று சொல்வதே தவறு. கையைக் கண்ணுக்கு முன்னால் ஆட்டினேன், கை இல்லை. "ஏங்க" என்று கத்தினேன். கத்தியதும் கூரை முழுக்கக் கிளம்பி முகத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது. அதற்குப் பிறகு வாயைத் திறக்கத் தைரியம் வரவில்லை. சரிவில் ஏறப் பார்த்தேன். வழுவழுப்பான பாறை, மேலே எச்சம். ஏறுகிறபோதெல்லாம் முன்னைவிட வேகமாக இறங்கினேன். மேலே சலங்கை இன்னும் ஓயவில்லை.

உண்மையைச் சொன்னால் அழுதேன். இப்படியே போய்ச் சேர்ந்தால் தூத்துக்குடியில் அம்மாவிடம் என்னவென்று சொல்வார்கள் என்று நினைத்து அழுதேன். முழங்கை எரிந்தது. கண்ணைத் துடைத்தபோதுதான், ஈரமான கன்னத்தில் ஒரு பக்கம் மட்டும் சில்லென்று இருப்பது தெரிந்தது. காற்று.

குகைக்குள் காற்று ஓடினால் அந்தப் பக்கம் இன்னொரு வாசல் இருக்கிறது. உருண்டைப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் இடத்தில் சந்து எந்தப் பக்கமும் திறந்திருக்கலாம். இது எங்கள் பாடத்திலேயே இருந்தது. காலையில் எழுந்து நின்று பிரசங்கம் பண்ணியபோது இந்தப் பக்கத்தை மட்டும் எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை.

காற்று வந்த திசையில் தவழ்ந்தேன். இரண்டு பாறைகளுக்கு நடுவே இடுப்பு ஒரு தடவை மாட்டிக்கொண்டது. கல்யாண விருந்துகளை நொந்துகொண்டு, மூச்சை முழுவதும் வெளியே விட்டு, நெளிந்து வெளியே வந்தேன். கொஞ்ச தூரத்தில் நூல் மாதிரி வெளிச்சம். பிறகு கை அகலம். பிறகு ஒரு வேலிக்கருவை மரத்தின் அடியில், வெட்ட வெளியில், நான்.

மலைக்கு அந்தப் பக்கம் வந்திருந்தேன். "மாமா... குமரேசா..." என்று தொண்டை கட்டுகிறவரை கத்திப் பார்த்தேன். மலை நடுவே நின்றது, யாருக்கும் கேட்கவில்லை. சுற்றிப் போகலாமென்றால் இரண்டு பக்கமும் ஆள் நுழைய முடியாத முள்காடு, ஒற்றைச் செருப்பு. எதிரே ஒற்றையடிப் பாதை ஒன்று தார் ரோட்டுக்குப் போனது. ரோட்டுக்குப் போய்விட்டால் பஸ் வரும், எங்கள் ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் இறங்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். கணக்கு சரி. விலக்கு எந்தப் பக்கம் என்பதில்தான் பிசகு. உச்சி வெயில், நிழலை வைத்துத் திசை பார்க்க முடியவில்லை. (இதை ஒரு சமாதானமாக இத்தனை வருடமும் சொல்லி வருகிறேன். யாரும் ஏற்றுக்கொள்வதில்லை.) முதலில் வந்த பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி ஏறினேன்.

அந்தக் கோலத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தலைமுடி அவிழ்ந்து தொங்குகிறது. தலை முதல் கால் வரை கறுப்பாக எச்சம். முழங்கையில் ரத்தம். கையில் முள்ளம்பன்றி முள். பஸ்ஸில் பேச்சு நின்றது. மூன்று பேர் சீட்டில் உட்கார்ந்திருந்த பெண்கள் மூவரும் எழுந்து எனக்கு இடம் விட்டார்கள்.

ஏதோ கோயில் திருவிழாவில் சாமியாடிவிட்டு வருகிறேன் என்று நினைத்த கண்டக்டர் தள்ளி நின்று, பணிவாகக் கேட்டார். "எந்தக் கோயில் கொடைம்மா?"

"கொடை இல்ல... பொடவு..."

"பொடவுச் சாமியா?" என்று கும்பிட்டார்.

எனக்கு அப்போதுதான் ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தோன்றியது. எங்கள் ஊர்க் கண்மாயைக் காணோம். "இந்த பஸ் எங்க போகுது?" என்றேன். கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்ததால் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

கண்டக்டர் டிரைவரைப் பார்த்தார். "அண்ணாச்சி, பஸ்ஸு எங்க போகுதுன்னு சாமி கேக்குது."

"எட்டயபுரம்னு சொல்லுல" என்றார் டிரைவர், திரும்பிப் பார்க்காமல்.

இறங்கவா என்று யோசித்தேன். வெளியே உழுது போட்ட கரிசல்தான் கண்ணுக்கெட்டிய மட்டும். எட்டயபுரம் போய்த் திரும்புகிற பஸ்ஸைப் பிடிப்பதே மேல் என்று உட்கார்ந்துவிட்டேன். கண்டக்டர் எனக்கு டிக்கெட் கொடுக்கவில்லை. சாமிக்கு யார் டிக்கெட் கொடுப்பார்கள்?

இங்கே இப்படி இருக்க, பொடவு வாசலில் என்ன நடந்தது என்பதை வீட்டுக்காரர் பிறகு சொன்னார். ரொம்ப நேரமாகியும் நான் வராததால் அவர் உள்ளே போயிருக்கிறார். திருப்பத்தில் என் செருப்பு கிடந்திருக்கிறது. கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்யக் கடம்பூருக்கு ஓர் ஆளை அனுப்பிவிட்டு, கயிறு தேடியிருக்கிறார். மாமியார் மார்பில் அடித்துக்கொண்டு அழ, பெண்கள் கூடச் சேர்ந்துகொண்டார்கள். மாமா மட்டும் குமரேசனைக் கூப்பிட்டிருக்கிறார்.

"ஏலே, டிவிஎஸ்ஸ எடு. எட்டயபுரம் போ. அரண்மனை வாசல்ல நில்லு."

"எதுக்குப்பா?"

"உள்ள போனவ வேற எங்கல வருவா?"

அப்பா சொல்லைத் தட்ட முடியாமல் அவன் போயிருக்கிறான்.

எட்டயபுரத்தில் இறங்கினேன். பஸ் ஸ்டாண்டே என்னைப் பார்த்தது. முகத்தையாவது கழுவலாம் என்று ஆள் குறைந்த ஒரு தெருவுக்குள் போனேன். பெரிய பழைய சுவர் ஒன்று நீளமாகப் போனது, அதை ஒட்டி ஒரு குழாய். குனிந்து முகத்தைக் கழுவிவிட்டு நிமிர்ந்தால், எதிர் டீக்கடை வாசலில் குமரேசன், கையில் கிளாஸோடு. அவனைச் சுற்றி நாலைந்து பேர். சுரங்கம் வழியாக மயினி (அண்ணிதான்) வருவார்கள் என்று அவன் சொல்ல, அதுவரை எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

கிளாஸ் கீழே விழுந்து உடைந்தது.

"மயினி!" என்று ஓடி வந்தான். முதல் காரியமாகக் குழாய்க்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். "எந்த ஓட்டை வழியா வந்தீய?"

"ஓட்டையும் இல்ல, ஒண்ணும் இல்ல. பஸ்ஸுல வந்தேன்."

"டிக்கெட்டக் காட்டுங்க பாப்போம்."

என்னிடம் டிக்கெட் ஏது? டீக்கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். அது என்ன சுவர் என்று குமரேசனைக் கேட்டேன். அரண்மனைச் சுவர் என்றான்.

டிவிஎஸ் ஐம்பதில் பின்னால் உட்கார்ந்து மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்தபோது, என் வீட்டுக்காரர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு பொடவுக்குள்ளிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார். முழங்கால் இரண்டும் தோல் உரிந்திருந்தது. என்னைப் போலவே அவரும் கறுப்பு. கையில் என் செருப்பு. என்னைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "எங்கட்டி போன?" என்று கேட்டார். அந்தக் குரலைக் கேட்டபோது குகை, பாறை, சுண்ணாம்பு எல்லாம் எனக்கு மறந்துபோனது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் நாறினோம்.

மாமியார் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார், பிறகு முதுகில் ஓர் அடி வைத்தார். தீயணைப்பு வண்டி வேண்டாம் என்று சொல்ல இன்னோர் ஆள் கடம்பூருக்கு ஓடினான். மாமா மெல்ல எழுந்து வந்து, துண்டால் என் முகத்தைத் துடைத்தார். அதுவரை ஒரு வாய்த் தண்ணீர்கூட அவர் குடிக்கவில்லையாம்.

அதோடு விட்டிருக்கலாம். எனக்கு நிலவியலைக் காப்பாற்றியாக வேண்டும் என்றிருந்தது. "மாமா, இது சொரங்கம் இல்ல. அந்தப் பக்கம் ஒரு சந்து இருக்கு. அதுல வெளிய வந்து, ரோட்டுக்குப் போயி, தப்பான பஸ்ஸுல ஏறிட்டேன்."

மாமா பொறுமையாகக் கேட்டார். "இங்கன நொழைஞ்சியா?"

"நொழைஞ்சேன்."

"எட்டயபுரத்துல வந்தியா?"

"வந்தேன், ஆனா..."

"அம்புட்டுத்தான் தாயி."

கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "அந்தக் கெடாவுக்கு அப்புறம் எம் மருமகதான்."

இன்றுவரை எங்கள் குடும்பத்தில் யாராவது பஸ்ஸைத் தவறவிட்டால், "பொடவு வழியாப் போயிரு" என்பார்கள். வெளியூரிலிருந்து யாராவது சொன்ன நேரத்துக்கு முன்னால் வந்துவிட்டால், "என்ன, பொடவு வழியா?" என்பார்கள். நான் காகிதத்தில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். மலையின் மறுபக்கம் கூட்டிக்கொண்டு போய் அந்தச் சந்தைக் காட்டியிருக்கிறேன். அது சுரங்கத்தின் கிளைப் பாதை என்று முடிவாயிற்று.

சில வருடங்கள் கழித்துக் குமரேசனுக்குப் பெண் பார்த்தோம். சாத்தூர்ப் பக்கம். பெண்ணின் அப்பா நல்ல மனிதர், அதிகம் பேசாதவர். எங்கள் வீட்டுக்கு வந்து காப்பி குடித்து முடித்ததும் என் பக்கம் திரும்பி, மரியாதையாகக் கேட்டார்.

"நீங்கதான அந்தச் சொரங்கத்துல போன மருமக? இங்கயிருந்து எட்டயபுரம் போய்ச் சேர எம்புட்டு நேரம்மா ஆச்சு?"

இனியும் சுற்றி வளைப்பதில்லை என்று அன்று தீர்மானித்தேன். "பஸ்ஸுல முக்கால் மணி நேரம்" என்றேன்.

அவர் மாமாவைப் பார்த்தார்.

"சொரங்கத்துக்குள்ள பஸ்ஸு போகுதா அண்ணாச்சி?"

மாமா காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"அப்ப விட்டிருந்தாவ. இப்ப நிறுத்திப்புட்டாவ."